தண்டவாளம் முடியும் இடம்: பினாங்கின் டிராம் வண்டியும் கேளிக்கைப் பூங்காக்களும்

2004ஆம் ஆண்டு பினாங்கின் ஜார்ஜ் டவுனில், பினாங்கு சாலையும் சூலியா தெருவும் சந்திக்கும் முனையில் சாலைப் பணிக்காகத் தாரைப் பெயர்த்தபோது அடியில் பழைய டிராம் தண்டவாளம் தெரிந்தது. அதை மறுபடி மூடிவிடாமல் ஒரு துண்டை மட்டும் மக்கள் பார்வைக்கு விட்டுவைத்தார்கள். இந்த நகரத்தில் டிராம் ஓடியதற்குத் தெருவில் மிஞ்சியிருக்கும் சாட்சி அதுதான். அங்கிருந்து நடக்கும் தூரத்தில், பர்மா சாலையில், நியூ வேர்ல்ட் பார்க் என்ற பெயர்ப் பலகை இருக்கிறது. உள்ளே உணவகங்களும் கடைகளும் உண்டு. ஒரு காலத்தில் மேடையும் நடனக் கொட்டகையும் கொண்டிருந்த கேளிக்கைப் பூங்காவில் இன்று எஞ்சியிருப்பது பெயர் மட்டுமே.

பினாங்கின் டிராம் வரலாற்றையும் கேளிக்கைப் பூங்கா வரலாற்றையும் தனித்தனியே எழுதியவர்கள் உண்டு. ரிக் பிரான்சிஸும் கோலின் கான்லியும் 1880களிலிருந்து 1963 வரையிலான நகராட்சிப் போக்குவரத்தைத் தங்கள் நூலில் தொகுத்தார்கள். பங்சாவான் என்ற மலாய் மேடை நாடகத்தை ஆராய்ந்த தான் சூய் பெங், அந்த நாடகங்கள் நடந்த பூங்காக்களையும் பதிவு செய்தார். இரண்டு வரலாறுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு கேள்வி எழுகிறது. ஒரு நகரம் தன் மக்களை வண்டியேற்றி எங்கே கூட்டிப்போனது? அப்படிப் போன இடங்களில் எவை நிலைத்தன, எவை அழிந்தன? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியை எடுத்துக்கொள்கிறது.

வண்டிக் கம்பெனி கட்டிய பூங்கா

டிராமும் கேளிக்கையும் ஒரே முதலாளியின் கையில் இருந்த நாடு அமெரிக்கா. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே சின்னஞ்சிறு ஊர்களில்கூட மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. வார நாட்களில் வேலைக்குப் போகிறவர்களால் வண்டி நிரம்பியது. ஞாயிற்றுக்கிழமை காலியாக ஓடியது. மின்சாரத்துக்கும் ஆட்களுக்கும் ஆகும் செலவு ஞாயிற்றுக்கிழமைக்காகக் குறைவதில்லை. அதனால் வண்டிக் கம்பெனிகள் தண்டவாளம் முடியும் இடத்தில், நிலம் மலிவாகக் கிடைத்த ஏரிக்கரையிலோ தோப்பிலோ பூங்கா அமைத்தன. குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட நிழல், நடனக் கூடம், குடை ராட்டினம், படகு என்று தொடங்கி மரச்சட்டத்தில் ஏறி இறங்கும் ரோலர் கோஸ்டர் வரை அவை வளர்ந்தன. பூங்காவுக்குள் நுழையப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. டிராம் சீட்டுதான் கட்டணம்.

1894இல் பென்சில்வேனியாவின் அல்டூனாவில் திறந்த லேக்மான்ட் பார்க், 1898இல் பிட்ஸ்பர்க் அருகே திறந்த கென்னிவுட், 1903இல் மேற்கு வர்ஜீனியாவின் ஹன்டிங்டனில் திறந்த கேம்டன் பார்க் ஆகியவை இவ்வகையில் வந்தவை. லேக்மான்ட்டில் 1902இல் கட்டிய மர ரோலர் கோஸ்டர் இன்று எஞ்சியிருப்பவற்றில் உலகிலேயே மிகப் பழையது என்று பெயர் பெற்றது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேளிக்கைப் பூங்காக்கள் இருந்தன. மோட்டார் கார் வந்ததும் டிராம் கம்பெனிகள் நொடித்தன. அவற்றோடு பூங்காக்களும் போயின. டிராம் காலத்திலிருந்து இன்றுவரை தாக்குப்பிடித்திருப்பவை பத்துப் பன்னிரண்டுதான்.

ஆசியாவில் இந்த வழியைத் திட்டமிட்டுப் பின்பற்றியவர் ஜப்பானின் கோபயாஷி இச்சிசோ. 1910இல் ஒசாகாவிலிருந்து தொடங்கிய தன் மின்சார ரயில் பாதையின் முனையில், தக்கராசுக்கா என்ற சிற்றூரில் 1911இல் வெந்நீர்க் குளியலகம் கட்டினார். அங்கே வருகிறவர்களை மகிழ்விக்கப் பெண்கள் மட்டும் நடிக்கும் இசை நாடகக் குழுவை அமைத்தார். 1914இல் முதல் நிகழ்ச்சி நடந்தது. குளியலகத்திலிருந்து வளர்ந்த கேளிக்கைப் பூங்கா 2003இல் மூடப்பட்டது. நாடகக் குழு இன்றும் புகழோடு நடக்கிறது. கட்டடம் போய்க் கலை தங்கியது.

பினாங்கின் டிராம்

பினாங்கின் கதை வேறு விதமாகப் போகிறது. 1880களில் இங்கே நீராவி டிராம் ஓடத் தொடங்கியது. 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில், சுங்கை பினாங்கில் மின் நிலையம் வந்தபின், நகராட்சியே மின்சார டிராமை நடத்தியது. துறைமுகப் பக்கத்திலிருந்து நகரின் கடைவீதிகளைக் கடந்து டத்தோ கிராமாட் சாலை வழியே தீவின் நடுப்பகுதியிலுள்ள ஆயர் ஈத்தாம் வரை தண்டவாளம் போனது. கப்பலிலிருந்து இறங்கியவர், சந்தைக்குச் சரக்கு வாங்க வந்தவர், கிடங்கில் வேலை செய்தவர் எல்லாரும் அந்த வண்டியில் ஏறினார்கள்.

1920களின் நடுவில் நகராட்சி டிராலி பஸ்களைக் கொண்டுவந்தது. தலைக்கு மேலே ஓடும் கம்பியிலிருந்து இரண்டு தடிகள் வழியாக மின்சாரம் எடுத்து, ரப்பர் சக்கரத்தில் தார்ச்சாலையிலேயே ஓடும் வண்டி அது. குறுகிய தெருவில் ரிக்‌ஷாவுக்கும் மாட்டு வண்டிக்கும் காருக்கும் நடுவே தண்டவாளத்தை விட்டு விலக முடியாத டிராமைவிட இது வசதி. தண்டவாளம் பராமரிக்கும் செலவும் மிச்சம். 1936இல் கடைசி டிராம் நின்றது. அதன் இடத்தை டிராலி பஸ் எடுத்துக்கொண்டது. 1961இல் டிராலி பஸ்ஸும் நின்றது. அதன்பின் டீசல் பஸ் காலம். பச்சை பஸ், நீல பஸ், மஞ்சள் பஸ் என்று நிறத்தை வைத்தே பினாங்குக்காரர்கள் தாங்கள் ஏறவேண்டிய பஸ்ஸை அடையாளம் சொன்னார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது, மின்சார டிராமை நடத்தியது நகராட்சி என்பது. மின்சாரமும் அதன் கையில், வண்டியும் அதன் கையில். ஞாயிற்றுக்கிழமை வண்டியை நிரப்பப் பூங்கா கட்டித் தொழில் நடத்தும் தேவை அதற்கு இல்லை. தண்டவாளத்தின் முனையில் ஏற்கெனவே மக்கள் போக விரும்பிய இடங்களும் இருந்தன.

முனையில் இருந்தவை: கோயிலும் மலையும்

ஆயர் ஈத்தாமில் 1890இல் கட்டத் தொடங்கிய கெக் லோக் சி என்ற பௌத்தக் கோயில் குன்றின் சரிவில் அடுக்கடுக்காக எழுந்தது. அதன் பெரிய பகோடா 1930இல் முடிந்தது. அதே திசையில் இன்னும் உள்ளே போனால் பினாங்கு ஹில் எனப்படும் கொடிமலையின் அடிவாரம்.

கொடிமலை வெள்ளைக்கார அதிகாரிகளின் ஓய்விடமாகத்தான் முதலில் இருந்தது. மலை ரயில் வருவதற்கு முன்பு அவர்களையும் அவர்கள் வீட்டுப் பெண்களையும் டோலியில் வைத்துத் தோளில் சுமந்து மேலே கொண்டுபோனார்கள். உச்சியில் இன்றிருக்கும் அருளொளி திருமுருகன் கோயில், அந்தக் காலத்து இந்தியச் சிப்பாய்களும் டோலி தூக்கியவர்களும் வழிபட்ட இடத்திலிருந்து வளர்ந்ததாகவே வழிவழியாகச் சொல்கிறார்கள். மேலே போகப் பணம் கொடுத்தவர்களின் பங்களாக்களுக்கு நடுவே, அவர்களைச் சுமந்து போனவர்களின் கடவுளுக்கும் ஓரிடம் இருந்தது.

மலைக்கு ரயில் விடும் முதல் முயற்சி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தோற்றுப்போனது. பிறகு பொறியாளர் அர்னால்ட் ராபர்ட் ஜான்சன் பொறுப்பேற்று, 1920க்குப் பிறகு வேலை நடந்தது. 1923 அக்டோபரில் மக்கள் பயணத்துக்குத் திறந்து, 1924 ஜனவரி 1ஆம் தேதி ஆளுநர் லாரன்ஸ் கில்மார்ட் முறைப்படி தொடங்கிவைத்தார். ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நீளம். மேலே ஒரு பெட்டி, கீழே ஒரு பெட்டி, இரண்டையும் இணைக்கும் எஃகு வடம். ஒன்று இறங்கும் எடை மற்றொன்று ஏறத் துணை செய்யும். பாதை இரண்டு பகுதியாக இருந்ததால் நடு நிலையத்தில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டும். மொத்தம் அரை மணி நேரப் பயணம். 1977இல் மரப்பெட்டிகள் போய்ச் சிவப்பு நிறச் சுவிஸ் பெட்டிகள் வந்தன. 2010இல் நிறுத்தி 2011இல் மீண்டும் திறந்தபோது மாறி ஏறும் வழக்கம் போய், பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போகும் வண்டி வந்தது.

இந்த ரயில் வந்தபின் டோலி போனது. பங்களா இல்லாதவனும் சீட்டு வாங்கி மலையேறலாம் என்ற நிலை வந்தது. கீழே வேர்த்து வழியும் ஊரிலிருந்து குளிர்ந்த காற்றுக்குக் குடும்பத்தோடு போய்த் தீவையும் கடலையும் எதிர்க்கரையையும் பார்த்துத் திரும்பும் வழக்கம் அப்படித்தான் உண்டானது. அமெரிக்காவின் டிராம் பூங்கா செய்த வேலையைப் பினாங்கில் கொடிமலை செய்தது.

தமிழர்களுக்கு இன்னொரு முனையும் உண்டு. தண்ணீர்மலை. 1884இல் அமைந்த தாவரப் பூங்காவுக்குப் போகும் வழியில், அருவியை ஒட்டிய அந்தப் பகுதிதான் தைப்பூசத்தின் இடம். நகரத்தார் கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்பட்டு நாள் முழுக்க ஊர்ந்து தண்ணீர்மலைக்குப் போகும். வழிநெடுகச் சாலையில் தேங்காய்களைக் குவித்துவைத்துச் சீனர்களும் தமிழர்களும் ரதத்துக்கு முன்னால் உடைப்பார்கள். கால் வைத்து நடக்க முடியாதபடி ஓடும் நீரும் சில்லுமாகத் தெரு கிடக்கும். தண்ணீர்ப் பந்தல்களில் மோரும் சோறும் கிடைக்கும். பாலதண்டாயுதபாணி கோயிலின் புதிய கட்டடத்துக்கு 2012இல் குடமுழுக்கு நடந்தது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் ஏறி மேலே போகிறார்கள். வழிபாடும் திருவிழாவும் கடைத்தெருவும் ஒன்றாகக் கலந்த பெரும் கூட்டத்தை எந்தக் கம்பெனியும் கட்டவில்லை. கேளிக்கைப் பூங்காக்கள் ஆண்டு முழுக்கக் காசுக்குத் தர முயன்ற ஒளியும் நெரிசலும் இங்கே ஆண்டுக்கொரு முறை காசில்லாமல் கிடைத்தன.

நகர நடுவே எழுந்த பூங்காக்கள்

முனையில் கோயிலும் மலையும் இருந்ததால், காசு வாங்கும் கேளிக்கை நகரத்தின் நடுவில் இடம் பிடித்தது. மேகசின் சாலை, டத்தோ கிராமாட் சாலை, மெக்கலிஸ்டர் சாலை, பர்மா சாலை, பினாங்கு சாலை என்று பெரிய சாலைகள் வந்து கூடும் சந்தி ஒன்று உண்டு. ஊரின் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் அதைத் தொடாமல் போக முடியாது. 1930களில் வெம்பிளி பார்க் மேகசின் சாலைப் பக்கம் எழுந்தது. ஃபன் அண்ட் ஃபிராலிக் என்ற இன்னொரு பூங்காவும் அக்காலத்தில் இருந்தது. பின்னால் பர்மா சாலையில் நியூ வேர்ல்ட் பெயர் பெற்றது.

இந்தப் பூங்காக்களின் முன்மாதிரி ஷாங்காயிலிருந்து வந்தது. அங்கே 1917இல் திறந்த 'பெரும் உலகம்' ஒரே கூரையின் கீழ் நாடகம், வித்தை, உணவு, சூதாட்டம் எல்லாவற்றையும் அடக்கியது. அதைப் பார்த்து 1923இல் சிங்கப்பூரில் ஓங் பூன் தாட், ஓங் பெங் ஹோக் சகோதரர்கள் நியூ வேர்ல்டைத் தொடங்கினார்கள். 1931இல் கிரேட் வேர்ல்ட், 1936இல் ஹேப்பி வேர்ல்ட் என்று அங்கே மூன்று உலகங்கள் உண்டாயின. ஷா சகோதரர்கள் இந்தத் தொழிலில் இறங்கியபின் மலாயாவின் பல ஊர்களுக்கும் அது பரவியது. ஒரு நாடகக் குழுவையோ குத்துச்சண்டை வீரரையோ ஒப்பந்தம் செய்தால் சிங்கப்பூர், கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு என்று வரிசையாகச் சுற்ற வைக்கலாம். பூங்காக்கள் தனித்தனிக் கொட்டகைகளாக நின்றாலும் ஒரே சங்கிலியின் கண்ணிகளாகத்தான் பிழைத்தன.

வாசலில் சில காசு கொடுத்து உள்ளே போனால் வேலி இல்லாத ஒரு சிறு ஊர் விரியும். ஒரு பக்கம் சீன நாடகம், ஒரு பக்கம் பங்சாவான், இன்னொரு பக்கம் படக் கொட்டகை, நடுவில் ராட்டினம், ஓரங்களில் வளையம் எறிந்து பொருள் வெல்லும் கடைகள், எங்கும் பலகாரக்காரர்கள். நடன மேடையில் நடந்த ரோங்கெங், ஜோகெட் ஆட்டத்துக்குத் தனிச் சீட்டு. மேடையின் ஓரத்தில் வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண்களில் ஒருத்தியிடம் சீட்டைக் கொடுத்தால் ஒரு பாட்டுக்கு அவள் எதிரே நின்று ஆடுவாள். கையைத் தொடக்கூடாது, எதிரெதிரே காலடி வைத்து ஆட வேண்டும். பாட்டு முடிந்ததும் அவள் நாற்காலிக்குத் திரும்பிவிடுவாள். இரவு முடிந்தபின் சேர்ந்த சீட்டுகளைக் கொடுத்துத் தன் பங்கை வாங்கிக்கொள்வாள். பூங்காவின் மகிழ்ச்சி எவர் உழைப்பால் நடந்தது என்பதை இந்தச் சீட்டு காட்டுகிறது.

தைரியமாகச் சொல்லக்கூடிய ஒன்று இந்தப் பூங்காக்களைப் பற்றி உண்டு. காலனி ஆட்சியில் சங்கங்களும் கிளப்புகளும் இனவாரியாகப் பிரிந்திருந்தன. வெள்ளையர் கிளப்புக்குள் மற்றவர் போக முடியாது. சீனர் சங்கம் சீனருக்கு, மலாய்க்காரர் சங்கம் மலாய்க்காரருக்கு. வாசலில் காசு கொடுத்தவன் யாராக இருந்தாலும் உள்ளே விட்ட இடம் கேளிக்கைப் பூங்கா. துறைமுகத் தொழிலாளியும் கடை முதலாளியும் ஒரே கூட்டத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அந்தக் கலப்பு வியாபாரத்துக்காக நடந்தது என்றாலும் அது நடந்தது.

மேடையில் இந்தியச் சாயல்

பூங்காக்களின் முக்கிய ஈர்ப்பான பங்சாவானின் பிறப்பிடம் பினாங்கு. 1870களில் பாரசி நாடகக் குழுக்கள் பம்பாயிலிருந்து கப்பலேறி இங்கே வந்தன. அவர்களுடைய வண்ணத் திரைகளும் பாட்டும் பளபளக்கும் உடைகளும் ஊரைக் கவர்ந்தன. அந்தக் குழு ஒன்றின் பொருட்களை வாங்கி, 1885இல் மாமாக் புஷி என்று அறியப்பட்டவர் மலாய் மொழியில் ஒரு குழுவைத் தொடங்கினார். அங்கிருந்துதான் பங்சாவான் ஒரு தொழிலாக வளர்ந்தது. அதே பாரசி நாடகத்தின் திரையும் ஆர்மோனியமும் தமிழ்நாட்டு இசை நாடக மேடையையும் மாற்றின என்பதைத் தமிழ் நாடக வரலாறு படித்தவர்கள் அறிவார்கள். மதுரைக் கம்பெனி நாடகமும் பினாங்கு பங்சாவானும் ஒரு வேரிலிருந்து கிளைத்த ஒன்றுவிட்ட சகோதரர்கள்.

பூங்காக் கொட்டகைகளில் நடித்த பங்சாவான் கலைஞர்கள் பலரும் 1940களின் இறுதியில் சிங்கப்பூர் படப்பிடிப்புத் தளங்களுக்குப் போனார்கள். பூங்காக்களை நடத்திய ஷா நிறுவனமே படமும் எடுத்தது. மலாய்ப் படங்களின் முதல் தலைமுறை இயக்குநர்களில் பலர் இந்தியர்கள். பி. எஸ். ராஜ்ஹான்ஸ் 1948இல் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு விழாவில் பாடிக்கொண்டிருந்த பினாங்கு இளைஞரைக் கண்டு சிங்கப்பூருக்கு அழைத்தார். அவர்தான் 1929இல் ஜார்ஜ் டவுனில் பிறந்த பி. ரம்லி. சென்னையில் பிறந்த எல். கிருஷ்ணன் 1950இல் இயக்கிய 'பக்தி' படத்தில்தான் ரம்லி கதாநாயகன் ஆனார். பூங்கா மேடையில் பழகிய நடிப்பும் பாட்டும் திரைக்குப் போயின. திரை வளர்ந்ததும் மேடையின் கூட்டம் குறைந்தது. பூங்காவை நடத்தியவர்களே பூங்காவின் போட்டியாளரையும் வளர்த்தார்கள்.

ஏன் மறைந்தன?

பூங்காக்களின் மறைவுக்குப் பல காரணங்கள் சொல்வதுண்டு. ஒவ்வொன்றையும் எடை போட்டுப் பார்க்கலாம்.

முதலாவது போர். 1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுனில் குண்டு வீசின; அந்த மாதமே நகரம் ஜப்பானியர் கைக்குப் போனது. ஆக்கிரமிப்புக் காலத்தில் சிங்கப்பூர்ப் பூங்காக்களில் ஜப்பானியர் சூதாட்டத்தை நடக்க விட்டார்கள். ஆனால் போருக்குப் பின்பு பூங்காக்கள் மீண்டும் களைகட்டின. 1950களில் ரோஸ் சான் போன்ற மேடைக் கலைஞர்கள் மலாயா முழுக்கப் பெயர் பெற்றது அந்தச் செழிப்பில்தான். எனவே போரைக் காரணமாகச் சொல்ல இடமில்லை.

இரண்டாவது தொலைக்காட்சி. மலேசியாவில் அது 1963 டிசம்பரில் தொடங்கியது. இரவு நேரத்தில் வீட்டை விட்டு வெளியே போகும் தேவையை அது குறைத்தது உண்மை. ஆனாலும் தொலைக்காட்சி வந்த பிறகும் பினாங்கு மக்கள் இரவில் வெளியே வந்து சாப்பிடுவதை நிறுத்தவில்லை. சாலையோர உணவுக் கடைகள் இன்றும் நள்ளிரவு வரை நிரம்பி வழிகின்றன. ஆகவே இது பாதிக் காரணம்.

மூன்றாவது அமைதியின்மையும் பொருளாதாரமும். 1967 நவம்பரில் பினாங்கில் நடந்த ஹர்த்தால் கலவரமாக மாறி ஊரடங்கு வந்தது. 1969 மே 13 கலவரத்துக்குப் பிறகு நாடு முழுக்க நெருக்கடி நிலை. இரவில்தான் பிழைக்கும் தொழிலுக்கு ஊரடங்கைவிடப் பெரிய அடி இல்லை. அதே 1969இல் பினாங்கு தன் சுங்கவரியற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. கப்பலும் கப்பல்காரரும் குறைந்தால் அவர்கள் செலவழித்த காசும் குறையும்.

நான்காவது நிலம். என் கணிப்பில் இதுதான் முடிவான காரணம். நகரின் பரபரப்பான சந்திக்கு அருகே பரந்து கிடந்த பூங்கா நிலம், பூங்காவாக ஈட்டியதைவிடக் கட்டடமாக ஈட்டக்கூடியது அதிகம் என்ற நாள் வந்ததும் கணக்கு முடிந்துவிட்டது. 1974இல் தொடங்கி 1986இல் முடிந்த 65 மாடிக் கொம்தார் அந்தச் சந்தியின் பக்கத்திலேயே எழுந்தது. இது பினாங்குக்கு மட்டும் நேர்ந்ததல்ல. கோலாலம்பூரின் புக்கிட் பிந்தாங் பூங்கா இருந்த இடத்தில் 1977இல் சுங்கை வாங் பிளாசா திறந்தது. சிங்கப்பூரின் கிரேட் வேர்ல்ட் நிலத்திலும் நியூ வேர்ல்ட் நிலத்திலும் இன்று வணிக வளாகங்கள். மூன்று நகரங்களிலும் ஒரே முடிவு என்றால் காரணமும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். டிராமும் டிராலி பஸ்ஸும் கொண்டுவந்து குவித்த கூட்டம்தான் அந்த நிலத்தின் மதிப்பை உயர்த்தியது. பூங்கா தன்னைச் செழிக்க வைத்த அதே நெரிசலாலேயே விலைபோனது.

மலை தப்பிய கதை

நகர நடுவே பூங்காக்கள் போன அதே காலத்தில் தண்டவாளத்தின் முனையிலும் ஆபத்து வந்தது. 1990இல் ஒரு தனியார் நிறுவனம் கொடிமலையில் தங்கும் விடுதிகள், கடை வளாகம், கேளிக்கை விளையாட்டுகள் அமைக்கும் பெருந்திட்டத்தை முன்வைத்தது. அமெரிக்க டிராம் பூங்காவின் காலங்கடந்த, பன்மடங்கு பெருத்த வடிவம் என்று அதைச் சொல்லலாம்.

பினாங்கு மக்கள் எதிர்த்தார்கள். பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் சஹாபாட் ஆலாம் மலேசியாவும் இயற்கை ஆர்வலர் அமைப்புகளும் சேர்ந்து கொடிமலை நண்பர்கள் என்ற கூட்டமைப்பாக எழுந்தன. காடு அழிந்தால் மண் சரியும், நீர்ப்பிடிப்பு கெடும், மலை பணக்காரர்களின் இடமாகத் திரும்பிவிடும் என்று ஊரெங்கும் பேசிக் கையெழுத்துத் திரட்டினார்கள். பயனீட்டாளர் சங்கத்தையும் சஹாபாட் ஆலாமையும் நெடுங்காலம் வழிநடத்திய எஸ். எம். முகமது இத்ரீஸ் தமிழ்நாட்டில் பிறந்து பினாங்கில் வாழ்ந்தவர். சங்கத்தின் 'பயனீட்டாளர் குரல்' தமிழ் வீடுகளுக்குள்ளும் போனது. திட்டம் கைவிடப்பட்டது. 2021இல் யுனெஸ்கோ கொடிமலையையும் அதைச் சுற்றிய காட்டையும் உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது.

வெம்பிளிக்காகவோ நியூ வேர்ல்டுக்காகவோ இப்படிக் கூட்டம் கூடியதாக வரலாறு இல்லை. மக்கள் அவற்றை விரும்பினார்கள். ஆனால் தங்களுடையது என்று நினைக்கவில்லை. வாசலில் காசு கொடுத்துப் பழகிய இடத்தை முதலாளி விற்றால் அது அவன் உரிமை என்றே எவரும் எடுத்துக்கொள்வார். மலையும் கோயிலும் அப்படி இல்லை.

சென்னை தரும் எச்சரிக்கை

பொதுச் சொத்தாக இருந்தால் போதும், இடம் தப்பிவிடும் என்று இதிலிருந்து முடிவு கட்டலாமா? சென்னையைப் பார்த்தால் அந்த நம்பிக்கை ஆட்டம் காணும். 1859இல் ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் காலத்தில் இன்றைய சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டிய இடத்தில் மக்கள் பூங்கா அமைந்தது. குளங்கள், நடைபாதைகள், விலங்குக் காட்சி என்று நூறு ஏக்கருக்கு மேல் பரவிய பொது இடம். 'உயிர்க் காலேஜ்' என்று சென்னைவாசிகள் சொன்ன விலங்குக் காட்சிசாலை அங்கேதான் இருந்தது. டிசம்பரில் பார்க் ஃபேர் என்ற பெரும் பொருட்காட்சி நடந்தது. 1886இன் கடைசி நாளில் அதில் பற்றிய தீ பல உயிர்களைக் குடித்தது.

அந்தப் பூங்கா அரசு நிலம்தான். ஆனாலும் ரிப்பன் மாளிகை, மூர் மார்க்கெட், விளையாட்டு அரங்கம் என்று துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்தே தீர்ந்தது. விலங்குகள் 1985இல் வண்டலூருக்குப் போயின. ஒவ்வொரு துண்டும் நல்ல காரியத்துக்காகத்தான் எடுக்கப்பட்டது. எந்தத் துண்டுக்கும் எதிராகப் போராட வலுவான காரணம் எவருக்கும் கிடைக்கவில்லை. பொது உடைமை என்பது பத்திரத்தில் இருந்தால் மட்டும் போதாது. இது எங்களுடையது என்று கேட்க ஆள் இருக்க வேண்டும். அந்த ஆட்கள் ஆண்டு தவறாமல் அங்கே வந்துகொண்டிருக்க வேண்டும். தண்ணீர்மலைக்கு அந்த ஆட்கள் உண்டு. கொடிமலைக்கும் உண்டு. மக்கள் பூங்காவுக்கு இல்லாமல் போனார்கள்.

இதற்கு நேர்மாறான சான்றும் ஒன்றிருக்கிறது. பிட்ஸ்பர்க்கின் கென்னிவுட் தனியார் பூங்காதான். டிராம் நின்றபின்னும் நூறாண்டு கடந்து ஓடுகிறது. பள்ளிப் பிள்ளைகளும் ஆலைத் தொழிலாளர் குடும்பங்களும் தலைமுறை தலைமுறையாக ஆண்டுக்கொரு நாள் அங்கே கூடும் வழக்கம் அதைக் காத்தது. 1987இல் அதைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள். அது ஊருக்கு வெளியே, விலை குறைந்த நிலத்தில் இருந்ததும் அதன் நல்லூழ். பினாங்குப் பூங்காக்களுக்கு அந்த இரண்டும் கிடைக்கவில்லை.

இன்றைய பினாங்கின் முன்னால்

இன்று பினாங்கில் கேளிக்கைக்குக் குறைவில்லை. தெலுக் பஹாங்கில் 2012இல் திறந்த எஸ்கேப் பூங்கா 1,111 மீட்டர் நீளமுள்ள நீர்ச்சறுக்கால் உலகச் சாதனை படைத்தது. சுங்கை நிபோங் திடலில் ஆண்டு இறுதியில் நடக்கும் பெஸ்தா பினாங்கு பொருட்காட்சி, பழைய பூங்காக்களின் ராட்டினத்தையும் கடைகளையும் சில வாரங்களுக்கு உயிர்ப்பிக்கிறது. ஆனால் இவற்றுக்குப் போக, கார் இருந்தால் எளிது. இல்லாதவருக்கு அரை நாள் பயணம். ஒரு காலத்தில் துறைமுகத் தொழிலாளி ஒரு டிராம் சீட்டில் போய்ச் சேர்ந்த இன்பம் இப்போது கார் சாவி வைத்திருப்பவனுக்கு முதலில் கிடைக்கிறது.

2025 ஜனவரியில் தீவின் முத்தியாரா எல்.ஆர்.டி. என்ற இலகு ரயில் பாதைக்கு அடிக்கல் நாட்டியாயிற்று. தாவரப் பூங்காப் பக்கத்திலிருந்து கொடிமலை உச்சிக்குக் கேபிள் கார் விடும் திட்டமும் கையில் எடுக்கப்பட்டிருக்கிறது. நூறாண்டுக்குப் பிறகு பினாங்கு மறுபடியும் தண்டவாளமும் கம்பியும் போடுகிறது. எனவே பழைய கேள்வி புதிதாகிறது: பாதை முடியும் இடத்தில் என்ன இருக்கப்போகிறது?

நிலையம் வந்ததும் சுற்றியுள்ள நிலத்தின் விலை ஏறும். அது வெம்பிளிக்கும் நியூ வேர்ல்டுக்கும் நடந்ததைப்போல ஒவ்வொரு நிலையத்தையும் சுற்றி நடக்கும். அந்த விலை ஏறுவதற்கு முன்பே, நிலையத்துக்குப் பக்கத்தில் நுழைவுக் கட்டணம் இல்லாத திடல், குழந்தைகள் விளையாடவும் பெரியவர்கள் உட்காரவும் நாடகம் போடவும் இடம் ஒதுக்கிச் சட்டப்படி பூட்டிவைக்க வேண்டும். பிறகு ஒதுக்கலாம் என்றால் பிறகு நிலம் இருக்காது. அந்தத் திடலில் ஆண்டுதோறும் மக்கள் தாங்களே நடத்தும் விழாக்களுக்கு இடம் கொடுக்க வேண்டும். பங்சாவான் குழுவுக்கும் போரியா என்ற ஆடல்பாடல் நடத்தும் குழுவுக்கும் தமிழ் நாடகக் குழுவுக்கும் அங்கே மேடை கிடைத்தால், அந்த இடம் எங்களுடையது என்று சொல்ல ஒரு தலைமுறைக்குள் ஆள் உண்டாகிவிடும்.

கேளிக்கையைச் சில்லறை விஷயம் என்று ஒதுக்குவது தவறு. நாள் முழுக்க உழைத்தவன் இரவில் போய் நிற்க விளக்கெரியும் ஓரிடம் வேண்டும். அங்கே தன்னைப் போல் இல்லாதவனோடும் அவன் தோளுரசி நிற்க வேண்டும். பினாங்கின் டிராமும் பூங்காக்களும் குறையோடும் சுரண்டலோடும்கூட அதைச் சில பத்தாண்டுகள் கொடுத்தன. அடுத்து வரும் பாதைகள் அதைக் குறையில்லாமல் கொடுக்க முடியும். எல்.ஆர்.டி. நிலையங்களின் வரைபடங்கள் மக்கள் கருத்துக்கு வரும்போது, வண்டி நிற்கும் இடத்தோடு மக்கள் நிற்கும் இடத்தையும் கேட்டு வாங்குவது பினாங்கில் வாழும் நம் எல்லாருடைய வேலை.